அத்தானுக்குப் பொருந்தாத ஹார்னஸ்

என் அக்காள் கணவரைத் துறைமுகத்தில் எல்லோரும் முக்குளிப்பான் என்றுதான் கூப்பிடுவார்கள். ஓரிடத்தில் மூழ்கி, நாம் பார்க்காத இன்னோரிடத்தில் தலை நீட்டுமே, அந்தப் பறவையின் பெயர். கப்பலின் அடியில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டுவது, புரொபெல்லரில் சிக்கிய கயிற்றை அறுப்பது, இதுதான் அத்தானுக்கு வேலை. தரையில் வாத்து மாதிரி நடப்பார். தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த மனிதரிடம் அவசரமே இருக்காது என்று கூட முங்கியவர்கள் சொல்வார்கள்.

மூச்சுக்கான காற்றுச் சிலிண்டர்களைச் சுமந்து சுமந்து அவர் முதுகு போயிற்று. நிமிர்ந்தால் வலி, குனிந்தால் வலி. வேலையை விடுங்கள் என்றாள் அக்கா. "விட்டுட்டு? கரையில உக்காந்து ஈ ஓட்டவா?" என்றார். தண்ணீர் இல்லாவிட்டால் அவருக்கு வாழ்க்கையே இல்லை. அப்போதுதான் யாரோ சைடுமவுண்ட் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் சிலிண்டர்கள் முதுகில் ஏறாது. அக்குளிலிருந்து இடுப்புவரை விலாவோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீரில் இறங்கிய பிறகு கொக்கி மாட்டிக்கொண்டால் போதும். கப்பலுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில்கூட ஒருக்களித்து நுழைந்துவிடலாம். ஆனால் சிலிண்டரை மாட்டும் வார்க்கட்டு, அதாவது ஹார்னஸ், உடம்போடு கச்சிதமாகப் பொருந்தவேண்டும்.

நான் கித்தான் தைப்பவள். படகு உறை, லாரித் தார்ப்பாய், கடைக் கூரை என்று முரட்டுத் துணியாகவே பார்த்து வளர்ந்த மெஷின் என்னுடையது. முதல் ஹார்னஸை அதில்தான் தைத்தேன். தோளுக்கு இரண்டு வார், இடுப்புக்கு ஒன்று, கவட்டுக்கு ஒன்று, சிலிண்டரின் மேல்பாகத்தை விலாவோடு இழுத்துப் பிடிக்க முதுகுக்குப் பின்னால் ஒரு எலாஸ்டிக் கயிறு. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"மூச்சை விடுங்க அத்தான். தொப்பை எவ்வளவுன்னு ஊருக்கே தெரியும்."

மொத்தச் செலவு அவருடைய நாலு நாள் கூலி. மச்சினிச்சி தைத்தது என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையடித்தார். முதுகு வலியும் குறைந்தது.

கொஞ்ச காலம் போனதும் குறை சொல்ல ஆரம்பித்தார். சிலிண்டர் விலாவில் நிற்காமல் வயிற்றுக்குக் கீழே தொங்குகிறதாம். "உன் வாரு நீண்டுடுச்சு" என்றார். லாரிச் சுமையே தாங்கும் நாடா அது.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "தண்ணிக்குள்ள எது சரியில்லேன்னாலும் முதல்ல சாமானைப் பாரு, அப்புறம் ஆளைப் பாரு. எங்களுக்கு அதான் பாடம்."

ஊரைவிட்டுப் போகும் ஒரு முங்குகாரரிடம் பழைய ஹார்னஸ் ஒன்றை வாங்கினார். அரை மாதச் சம்பளம். மிதப்பதற்கான காற்றுப்பை முதுகோடு சேர்த்தே தைத்திருந்தது, தனியாக வாங்க வேண்டாம், அந்த வகையில் லாபம் என்றார். சில மாதங்கள் கழித்து அதுவும் தொங்கியது. பழைய சாமான், எலாஸ்டிக் செத்துவிட்டது என்றார். முங்கும்போது போடும் ரப்பர் உடுப்பும் தொளதொளத்தது. அதற்கும் வயசாகிவிட்டது என்றார்.

அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டில் இதே பேச்சுதான். இடுப்பு வளையத்தில் கொக்கி மாட்டுவது நல்லதா, பின்பக்கம் அகலத் தகடு வைத்தது நல்லதா? காற்று தீரத் தீரச் சிலிண்டரின் அடிப்பாகம் மேலே தூக்குமே, அப்போது எது வசதி? தட்டில் இரண்டு கரண்டிகளைப் போட்டு விளக்குவார். கடைசியில் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிப் புத்தம் புதிதாக ஒன்று வாங்கினார். காசைக் கரியாக்குகிறார் என்று அக்கா முணுமுணுத்தாள். ஆனாலும் அந்த நாட்களில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. வருஷக்கணக்காகக் கத்தியும் குறையாத தொப்பை குறைந்துவிட்டதாம். தான் சோற்றைக் குறைத்ததால்தான் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

புது ஹார்னஸும் தொங்கியது.

ஒரு நாள் மூன்றையும் தோளில் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒத்துப் பார்த்து, புதுசைச் சரியான அளவுக்கு வெட்டித் தரச் சொன்னார். வெட்டுமேசையில் மூன்றையும் பக்கம் பக்கமாக விரித்தேன். வாரை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வளையம் ஓரிடத்தில் கொஞ்ச நாள் இருந்தால் நாடாவில் தழும்பு விழும். ஒவ்வொரு இடுப்பு வாரிலும் மூன்று நான்கு தழும்புகள், ஒன்றைவிட ஒன்று உள்ளே தள்ளி இருந்தன. என் ஹார்னஸின் கடைசித் தழும்பு எந்த அளவில் நின்றதோ, பழைய ஹார்னஸின் முதல் தழும்பு அந்த அளவில் தொடங்கியது. அதன் கடைசியிலிருந்து புதியதின் முதல் தழும்பு. நான் வெட்டிக்கொடுத்த நாடாவை டேப் வைத்து அளந்தேன். துளிகூட நீளவில்லை.

டேப்பைக் கீழே வைத்தேன்.

"சட்டையைக் கழட்டுங்க அத்தான்."

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல."

கழற்றினார். விலா எலும்புகளைத் தொடாமலே எண்ணலாம் போலிருந்தது. தழும்புகள்மேல் விரலை வைத்து வரிசையாகக் காட்டினேன். குனிந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார்.

"அப்ப சாமான்ல கோளாறு இல்ல" என்றார்.

வயிற்றில் கட்டி. பரவியிருந்தது. ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்று டாக்டர் அக்காவைக் கேட்டார். அந்த ஒரு வருஷமும் நாங்கள் கொக்கியையும் தகட்டையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா தலையிலடித்துக்கொண்டு அழுதாள். "இளைச்சிட்டீங்க, அழகாயிட்டீங்கன்னு சொன்னேனேடி" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

அத்தான் அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கவில்லை. சீக்கிரமே படுத்த படுக்கையானார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும் ஒரு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் அக்கா மட்டும்தான், அவளும் ஒல்லிப்பிச்சான். பெரிய உடம்பைத் தூக்கி இவளும் விழுந்துவிடப் போகிறாள் என்று எனக்குப் பயம். அந்த விலை உயர்ந்த ஹார்னஸைக் கத்தரியால் வெட்டி, அகலமாக ஒரு இடுப்பு பெல்ட் தைத்தேன். இரண்டு பக்கமும் கைப்பிடி, தோலில் உறுத்தாமல் உள்ளே மெத்தை, ஒவ்வொரு முனையிலும் நாலு வரித் தையல். இவ்வளவு கண்ணும் கருத்துமாக நான் எதையும் தைத்ததில்லை.

காலையில் எடுத்துப்போய்க் கொடுத்தேன். அத்தான் புரட்டிப் பார்த்தார். தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"என்ன விலை?"

"உங்களுக்கு இலவசம்."

"அப்ப இதுலயும் ஏதோ கோளாறு இருக்கு."

மூன்று பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். பெல்ட்டை அவர் இடுப்பில் கட்டினேன். கைப்பிடியை எப்படிப் பிடிக்கவேண்டும், தூக்கும்போது முழங்காலை எப்படி மடக்கவேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அக்கா கைப்பிடியைத் தொடவில்லை. ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்து, தூங்கும் பிள்ளையை எடுப்பதுபோல் எடுத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்தாள். அவளுக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

"இதெல்லாம் எதுக்குடி?" என்றாள் மெதுவாக. "அவருதான் கனக்கவே மாட்டேங்கறாரே."

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் குனிந்து பெல்ட்டை அவிழ்த்தேன்.