பிடி என்றால் விடு

ஆதிகேசவன் குழாயோடு பேசுகிற ஆள். கெஞ்சுவார், திட்டுவார், பிடிவாதமான மரை ஒன்று இளகிக் கொடுத்தால் "அப்படி வா வழிக்கு" என்பார். சொந்த ஊர் வாணியம்பாடிப் பக்கம். சந்தாபுராவில் குடியிருந்துகொண்டு பெங்களூரின் மறுகோடியில் வைட்ஃபீல்ட் வரை வந்து பிளம்பர் வேலை செய்கிறார். கன்னடத்தைச் சரளமாகவும் தப்பாகவும் பேசுவார். எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் ஒழுகினாலும் அவருக்குத்தான் போன் போகும். சொன்ன நேரத்துக்கு மட்டும் வரமாட்டார். இதைச் சொல்லாவிட்டால் நான் அவரைத் தூக்கி வைத்துப் பேசுகிறேன் என்பீர்கள்.

அவருக்கு இங்கே கூட்டாளி எங்கள் வாட்ச்மேன். கன்னடக்காரர், பெயர் சித்தப்பா. அவர்கள் உச்சரிப்பு கொஞ்சம் வேறு என்றாலும் நம் காதுக்கு அது அப்பாவின் தம்பிதான். தமிழ்க் குழந்தைகள் அவரை உறவு சொல்லிக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் ஓடி ஓடி வந்தார்.

கொஞ்ச நாளாக அவருடைய காது பேச்சுக்கு வந்திருந்தது. ஹாரன் அடித்தும் கேட்டைத் திறக்கவில்லை என்று ஒருவர், கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று இன்னொருவர். இனி ஒரு புகார் வந்தால் வேறு ஆள் பார்ப்பது என்று சங்கக் கூட்டத்தில் முடிவாகிவிட்டது. வேலை போனால் கேட்டை ஒட்டிய அறையும் போய்விடும். அவரும் மனைவியும் இருப்பது அந்த அறையில்தான். அந்தக் கூட்டத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. காரை விட்டு இறங்கிக் கேட்டைத் தானே திறந்தால் கை தேய்ந்தா போய்விடும்?

இந்த நேரம் பார்த்துச் சங்கச் செயலாளர் சேஷகிரி வீட்டில் வால்வு கெட்டுப்போனது. வீட்டுக்குள் வரும் தண்ணீரை நிறுத்துகிற வால்வு அது. எவ்வளவு திருகினாலும் நிற்காமல் ஒழுகியது. எனக்கு எதிர் வீடு என்பதால் நானும் போய் நின்றேன்.

பழைய வால்வைக் கழற்ற வேண்டுமானால் மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை முதலில் மூட வேண்டும். அங்கே இருக்கும் வால்வும் லேசுப்பட்டதல்ல. அதன் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் மூடியிருக்கும். அதற்குச் சித்தப்பா மேலே போனார்.

ஆதிகேசவன் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு வெள்ளை டேப் சுற்றிக்கொண்டிருந்தார். திறந்த குழாயில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. மேலே பிடி தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. எப்போதும் சித்தப்பாவிடம் கன்னடம் பேசுகிறவருக்கு அவசரத்தில் தமிழ் வந்துவிட்டது. பால்கனியில் தலையை நீட்டி, "பிடி, பிடி, இன்னும் பிடி" என்று கத்தினார்.

அடுத்த நொடி தண்ணீர் பீறிட்டது. எதிர்ச் சுவர், அரிசி டப்பா, சேஷகிரியின் பனியன் எல்லாம் நனைந்தன. நான் மாடிக்கு ஓடினேன். சித்தப்பா கைப்பிடியை முழுவதும் திறந்து வைத்துவிட்டு, செய்த வேலையில் திருப்தியோடு, "சாக்கா?" என்றார். போதுமா என்று கேட்கிறார்.

மூடச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். கொஞ்ச நேரத்தில் புது வால்வு ஏறிவிட்டது. பின்னாலேயே சித்தப்பாவும் இறங்கி வந்து கதவோரம் நின்றார். சேஷகிரி ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே ஆதிகேசவனிடம், "உம்மேல தப்பில்லப்பா. நீ பிடின்னுதான் சொன்னே, நானே கேட்டேன். இவனுக்குக் காது அவுட். இன்னிக்கே அனுப்பிடறேன்" என்றார்.

சித்தப்பாவுக்குத் தமிழ் அரைகுறையாகப் புரியும். அனுப்புவது நன்றாகவே புரிந்தது. "நீவே பிடி அந்த்ரல்லா" என்றார், நீங்கள்தானே சொன்னீர்கள் என்று. குரல் எழும்பவே இல்லை.

ஆதிகேசவன் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒரு கெடுதலும் இல்லை.

"சார், அவரு காது நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் வாய் சரியில்ல. பிடின்னா கன்னடத்துல என்னா சார்?"

சேஷகிரி பிறந்து வளர்ந்ததே பசவனகுடியில். இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு. "பிடின்னா..." என்று இழுத்து நிறுத்தினார். கன்னடத்தில் அதற்கு விடு என்று அர்த்தம். பிடிப்பதற்கு ஹிடி என்பார்கள். அவர்களுடையது பிஸ்கட்டில் வரும் பி என்றாலும் நம் எழுத்தில் இரண்டு பிடிக்கும் ஒரே பி.

"இன்னும் பிடின்னு வேற கத்துனேன். அவரும் இன்னும் விட்டாரு. கேட்டதாலதான சார் செஞ்சாரு?"

"இவ்வளவு வக்காலத்து வாங்கறே. அவன் என்ன உனக்குச் சொந்தமா?"

"சித்தப்பா சார்."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சேஷகிரிக்கும் உதடு லேசாகக் கோணியது. ஆனாலும் செயலாளர் இல்லையா, விடவில்லை. "சரி, அவன் மேல போய் மறுபடி மூடிப் பிடிச்சுக்கட்டும். நீ இங்கேர்ந்து ஒரு தடவை கூப்பிடு. போனைத் தொடாதே. காது கேக்கறதான்னு பார்த்துடலாம்."

சித்தப்பா படியேறினார். ஆதிகேசவன் திறந்து வைத்த சமையலறைக் குழாயில் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது எனக்குத் தெரியும். ஆதிகேசவனுக்கும் தெரியும். அவர் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பில் பாதியை வெளியே நீட்டி, மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சித்தப்பா, பிடி."

இந்த முறை கன்னடம். மெட்ரோ ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். பக்கத்து பிளாக்கில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. குழாயில் ஒன்றும் வரவில்லை. சேஷகிரி என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

"அப்படி வா வழிக்கு" என்று ஆதிகேசவன் குழாயிடம் மெதுவாகச் சொன்னார். உள்ளே காற்று இரண்டு முறை இருமியது. பிறகு தண்ணீர் வந்தது.