செழியன் போட்ட ஊதாக் கோடு

எங்கள் ஊர் நெடுஞ்செழியனுக்கு நாங்கள் வைத்த பெயர் ஃபோன் டாக்டர். அறுவடை மெஷினோ மண் அள்ளும் மெஷினோ, ஆயில் அழுத்தத்தில் தூக்கி இறக்குகிற ஹைட்ராலிக் படுத்துவிட்டால் சீர்காழியிலிருந்து பட்டுக்கோட்டை வரை டிரைவர்கள் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்பான். ஆயில் நுரைக்கிறதா? எங்கேயோ காற்று இழுக்கிறது, டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் கிளிப்பைப் பார். மோர் மாதிரி வெளுத்திருக்கிறதா? தண்ணீர் கலந்துவிட்டது, முழுசாக மாற்று. காலையில் நன்றாகத் தூக்கிவிட்டு, சூடானதும் தொய்கிறதா? பம்ப் தேய்ந்துவிட்டது. நாலு கேள்வியில் கோளாறைப் பிடித்துவிடுவான். பாதிப் பேருக்கு அவன் முகமே தெரியாது.

இதற்கெல்லாம் மெஷின் பக்கத்தில் நிற்பவன் உண்மையைச் சொல்ல வேண்டும். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவன் அப்பா அரசப்பன் கடைசி வரை அடுத்தவர் வயலில்தான் நாற்று பறித்தார். செழியன் சவூதிக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஒரு கம்பெனி ஷெட்டில் ஹைட்ராலிக் வேலை பார்த்தான். திரும்பி வந்து தாராசுரத்துக்குத் தெற்கே, நான் குத்தகைக்குச் செய்யும் வயலை ஒட்டி ஆறு மா வாங்கினான். ரெண்டு ஏக்கர்தான். ஆனால் எங்கள் தெருவில் சொந்தமாக நிலம் வாங்கிய மூன்றாவது ஆள் அவன். அந்தப் பதினோரு வருஷமும் ஒரே அறையில் அவனோடு படுத்துக் கிடந்தவன் சேரன். அவனும் எங்கள் தெருதான். ஊருக்கு வந்தபின் வாடகை அறுவடை மெஷின் ஒன்றுக்கு டிரைவரானான். செழியன் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்வருகிற உரிமை அவனுக்கு இருந்தது.

செழியனுக்கு ஒரு பழக்கம். மெஷினில் ரிலீஃப் வால்வு என்று ஒன்று உண்டு. ஆயில் எவ்வளவு அழுத்தம் வரை தள்ளலாம் என்று முடிவு செய்கிற திருகு அது. அதைத் தளர்த்திவிட்டால் பம்ப் என்னதான் முக்கினாலும் ஆயில் வேலை செய்யாமல் டேங்குக்கே திரும்பிவிடும். கேஜ் மாட்டி அழுத்தத்தைச் சரியாக வைத்ததும், நட்டின் மேல் நகப்பாலிஷால் குறுக்கே ஒரு கோடு இழுப்பான். யாராவது திருகினால் கோடு பிரிந்துவிடும். மகள் எழில்மொழி வேண்டாமென்று ஒதுக்கிய ஊதா பாட்டில்தான் அவனுக்கு. மெஷினுக்கு மருதாணி வைக்கிறான் என்று நாங்கள் கேலி செய்வோம். வேறு எந்த மெக்கானிக்கும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

போன தை கடைசி. சம்பா முற்றி நிற்கிறது, ரெண்டு நாளில் மழை என்று சொல்லிவிட்டார்கள். சேற்றிலும் இறங்கும் சேரனின் செயின் வண்டி முதலில் செழியன் வயல், அடுத்து என் வயல் என்று பேச்சு. அன்று காலை பார்த்து பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு மெஷின் சேற்றில் நின்றுவிட, செழியன் கிளம்பிவிட்டான். சேரன் இருக்கும்போது நான் எதற்கு என்று மேகலாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். மேகலா அவன் மனைவி.

வண்டி வயலில் இறங்கி ஒரு சுற்றுகூட முடிக்கவில்லை. சேரன் நிறுத்தினான், சீட்டுக்கு அடியில் குனிந்து ஸ்பானரோடு கொஞ்ச நேரம் மல்லுக்கட்டினான். பிறகு ஏறி லீவரை இழுத்தால் முன்னாலிருக்கும் வெட்டும் பகுதி தூக்கவே இல்லை. ஸ்பீக்கரில் போட்டு செழியனைக் கூப்பிட்டான். நானும் மேகலாவும் பக்கத்திலேயே நின்றோம். ஆயில் நிறைய இருக்கிறது, நுரை இல்லை, ஃபில்டர் நேற்றுத்தான் கழுவினேன், பம்ப் கூவுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். எனக்கு ஒன்றும் கூவுகிற மாதிரி கேட்கவில்லை. ஆனால் நான் என்ன மெக்கானிக்கா?

"வால்வுல கோடு சேந்திருக்கா, பாத்தியா?" என்றான் செழியன்.

"பாத்துட்டேன். அப்படியே இருக்கு."

அப்படியென்றால் பம்ப்தான், ஓட்டிக் கெடுக்காதே, உடனே லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோ என்றான் செழியன். செழியன் வாயாலேயே அவன் வயலிலிருந்து வண்டியை அனுப்ப வைத்தான் அந்தப் பாவி. வேறு வண்டிக்கு நாயாக அலைந்தோம். அந்த வாரத்தில் எவன் தருவான்?

மழை மூன்று நாள் விடவில்லை. பயிர் சாய்ந்து தண்ணீரில் படுத்தது. விட்டதும் மேகலா முழங்கால் தண்ணீரில் இறங்கி ஒரு கதிரைத் தூக்கினாள், நெல்லுக்கு வெள்ளை வெள்ளையாக முளை கிளம்பியிருந்தது. என் வயலும் அதே கதிதான்.

வெயில் வந்தபின் சேரன் வண்டியைக் கொண்டுவந்தான். கும்பகோணத்துப் பட்டறையில் சரி செய்தார்கள் என்றான். செழியன் வழக்கம்போல சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்தான். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. என்னடா என்று நானும் குனிந்து பார்த்தேன். நட்டின் மேல் கோடு சேர்ந்துதான் இருந்தது. ஆனால் சிவப்புக் கோடு.

பட்டறைக்காரனுக்கு அந்தக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? தெரிந்த ஒரே ஆள் எதிரில் நின்றான். திருகைத் தளர்த்தி எங்கள் கண்முன் வண்டியைச் சாகடித்துவிட்டு, வழியிலேயே முறுக்கி உயிர் கொடுத்திருக்கிறான். சீர்காழிப் பக்கம் முப்பது ஏக்கர்காரர் ஒருவர். புது மெஷின் வாங்கப்போகிறார், சேரனைத்தான் அதற்கு வைப்பதாகச் சொல்லியிருந்தார். மழைக்கு முன் இந்த வண்டியாலேயே அவர் வயல் முழுக்க அறுத்தாகிவிட்டது. சேரனே தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அவரிடம் முடியாது என்று சொல்லத் துணிச்சல் இல்லையாம், செழியனிடம் கேட்க முகம் இல்லையாம். ஆனால் கடைக்குப் போய் நகப்பாலிஷ் வாங்க மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

நான் அடிக்கப் பாய்ந்தேன். செழியன் என்னைப் பிடித்துக்கொண்டான். கேஜை மாட்டினான். கேஜ் இல்லாமல் முறுக்கியதில் அழுத்தம் ஏகத்துக்கும் ஏறியிருந்தது, இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் ஹோஸ் வெடித்து சேரன் மேலேயே கொதிக்கிற ஆயில் அடித்திருக்கும். அதைச் சரியான அளவுக்கு வைத்தான். சிவப்பைச் சுரண்டி எடுத்தான். புதுக் கோடு போடவில்லை. வீட்டுக்குப் போனான், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை என்று மேகலா சொன்னாள்.

அதற்குப் பிறகு எந்த டிரைவர் கூப்பிட்டாலும் செழியன் கேள்வி கேட்பதில்லை. வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிடுகிறான்.

குறுவை அறுப்பில் அந்த முப்பது ஏக்கர்காரரின் புது மெஷின் நின்றுவிட்டது. சேரன்தான் கூப்பிட்டான். அவன் ஏதோ சொல்ல ஆரம்பிக்கும் முன்பே செழியன், வந்து பார்க்கிறேன் என்று வைத்துவிட்டான். எனக்கு மனசு கேட்கவில்லை, பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். போய்ச் சேர ரெண்டு மணி நேரம் ஆயிற்று, மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. கோளாறு ஒன்றுமில்லை, ஹோஸ் கிளிப் தளர்ந்து காற்று இழுத்திருந்தது. ஸ்குரூ டிரைவரால் நாலு திருப்பு.

"ஆயில் நுரைக்குதுன்னு ஃபோன்லயே சொல்லியிருப்பேனே, செழியா" என்றான் சேரன்.

செழியன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சொல்லியிருப்பே. நான் நம்பியிருக்க மாட்டேன்."