அந்தமானுக்குப் போன பட்டுச்சேலைகள்

கல்யாணமான புதுசு. அந்தமானுக்குப் போக என் வீட்டுக்காரர் டிக்கெட் எடுத்திருந்தார். ஆனையூர் மாமியார் வீட்டில் என் பெட்டியை என்னை அடுக்க விடவில்லை. நான் வைத்த ரெண்டு சுடிதாரையும் அத்தை எடுத்து பீரோவில் போட்டார்.

"புதுப்பொண்ணு சுடிதாரா போடுவா? பாக்குறவுக என்ன நினைப்பாக?"

அத்தனையும் பட்டுச்சேலையாகவே வைத்தார். மிச்ச இடத்தில் முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி. நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"அம்மா ஆசையா வைக்கிறாங்க, விடேன்" என்றார்.

அங்கே கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. அரைக்கால் சட்டையோடு அவர் ஓடிப்போய் இறங்கி, "வா, வா" என்று கையாட்டினார். பட்டைக் கட்டிக்கொண்டு எங்கே இறங்குவது? அவருடைய செருப்புக்கும் வாட்சுக்கும் காவலாக மணலில் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பேச்சைக் கேட்டபடி பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்த அக்கா என்னையே பார்த்தார். "மதுரைப் பக்கமா? எங்கம்மாவுக்கு எழுமலை" என்றவர், தன் பையிலிருந்து ஒரு நைட்டியை எடுத்து நீட்டினார். "மாத்திக்கிட்டு எறங்கு தாயி. சேலைய நான் பாத்துக்கிறேன்."

கழுத்தளவு தண்ணீரில் நெடுநேரம் நின்றேன். நைட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது அந்த அக்கா வாங்கவில்லை. "வச்சுக்க. நாளைக்கும் கடல் இருக்கும்ல?"

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்தவரும் அத்தைதான். மடிப்புக் கலையாமல் மிஞ்சிய பட்டுகளுக்கு அடியில் சாயம்போன நைட்டி கிடந்தது. எடுத்து உதறினார். தரையெல்லாம் மணல்.

"இது யாருது?"

வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னோடதுதான் அத்தை."

அந்த வீட்டில் என்னுடையது என்று நான் வாய்விட்டுச் சொன்ன முதல் பொருள் அது.