இரண்டாவது வயர்

வாடிக்கையாளருக்கு ஒரு பொருளைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, அது தேவைப்படுகிற நாள் வரவே கூடாது என்று வேண்டிக்கொள்கிற தொழில் என்னுடையது. உங்களில் யாராவது மேசைக்கு அடியில் தவழ்ந்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, எந்த வயர் எங்கே போகிறது என்று தேடியிருந்தால் இதைப் படியுங்கள். மற்றவர்களுக்கு நான் சொல்வது நம்பும்படியாக இருக்காது.

தொண்ணூறுகளின் கடைசி. மதுரையில் ஒரு கம்பெனி, கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கேமரா வைத்துக் கம்ப்யூட்டரில் படம் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்தது. காரைக்குடிக் கிளை ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருந்தது. கிளை என்றால் இரண்டே பேர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு தேவகோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன ஸ்டெல்லா ஆகிய நான். குன்றக்குடிக்காரர் செல்லையா அண்ணன். அண்ணன் தச்சு வேலைக் குடும்பம். சுவரில் அவர் போடும் துளை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி இருக்கும்.

வேலை இதுதான். கேமராவின் படம் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டியிலிருந்து லேன் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதிவாகும். அந்தப் பெட்டியின் முதுகில் வயர் செருக இரண்டு வாய் உண்டு. ஒரு வயர் அறுந்தால் மறு நொடியே இன்னொரு வயர் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கான செட்டிங்கைப் போட்டு, சோதித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

செயல்முறை விளக்கம்

முதல் வாடிக்கையாளர் ஒரு நகைக்கடைக்காரர். எதையும் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார். பொருத்தி முடித்ததும் அவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தேன். “இப்ப ஒரு வயரை உருவப் போறேன், படத்தைப் பாருங்க” என்று உருவினேன். படம் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. “என்ன ஆச்சு?” என்றார். “ஒண்ணும் ஆகலை. அதுதான் விசேஷம்” என்றேன். அந்த வயரைச் செருகிவிட்டு மற்றதை உருவினேன். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. “எதை எடுத்தாலும் ஒண்ணும் ஆகலேன்னா, எதுக்கு மாட்டி வச்சிருக்கீக?” என்று கேட்டார்.

பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து வந்து, பெட்டியைத் தன் பக்கம் திருப்பி, இரண்டு வயரையும் ஒரே பிடியில் பிடுங்கினார். திரையில் படம் அப்படியே உறைந்து நின்றது. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. கடைப் பையன்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாத்தீகளா, ரெண்டு வயர் போட்டும் நின்னு போச்சு!”

பிள்ளையார்பட்டி லாட்ஜ்

கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் தங்கும் லாட்ஜ். செருப்பு, சூட்கேஸ் காணாமல் போகிறது என்று வரவேற்பில் ஒரு கேமரா, மாடி வராந்தாவில் ஒன்று. மூன்று மாதம் கழித்துப் பராமரிப்புக்குப் போனேன். பெட்டியில் ஒரு வயர்தான் இருந்தது. இரண்டாவது வாயில் தூசி போகாமல் பஞ்சு அடைத்திருந்தார்கள், அவ்வளவு அக்கறை. வயரைத் தேடி மொட்டைமாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை அது விறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. பதினாறு போர்வை, ஒன்பது துண்டு, யாரோ பக்தருடைய வேட்டி. எல்லாம் ஈரம்.

மானேஜர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. என்னை வாழ்த்தவே செய்தார்: “கயிறு ஆறு மாசத்துக்கு ஒருக்கா அத்துப் போகுதும்மா. இது என்ன பாரம் போட்டாலும் அறமாட்டேங்குது, நல்ல சாமானாத்தான் குடுத்துருக்கீக!”

எல்லா லைட்டும் எரிந்த பள்ளிக்கூடம்

தேவகோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பள்ளி. ஓர் அறையில் நடக்கும் பாடத்தை அடுத்த அறைக் கம்ப்யூட்டர்களில் பிள்ளைகள் பார்க்க வேண்டும். மறுநாள் பெற்றோர்களைக் கூட்டிக் காட்டப் போகிறார்கள். நான் வேறு வேலையாகப் போனதால் வயர் மாட்டும் பொறுப்பை அண்ணனிடம் விட்டேன். ஒன்றுக்கு இரண்டு வயர் நல்லது என்று அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்தப் பாடத்தை அவர் முழு மனதோடு எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அறையிலும் கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஹப் என்ற சிறு பெட்டி உண்டு; அவை இரண்டுக்கும் நடுவே ஒரு வயர் போதும். அவர் இரண்டு போட்டார். நம் பெட்டிக்குத்தான் ஒன்றை நிறுத்திவைத்து மற்றதில் அனுப்பத் தெரியும். அந்தச் சாதாரண ஹப்களுக்குத் தெரியாது. ஒரு வயரில் போனது இன்னொன்றில் திரும்பி வந்து, மறுபடி போய், மறுபடி வந்து, ஓயாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. பள்ளியில் ஒரு கம்ப்யூட்டரும் இன்னொன்றோடு பேசவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பெற்றோர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் என் அப்பாவின் பழைய சகாக்கள் நாலு பேர். காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் ரஸ்னாவும் பிஸ்கட்டும் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டார்கள். தலைமையாசிரியையான சிஸ்டர் எனக்குப் பின்னால் நின்று, படபடவென்று மின்னிக்கொண்டிருந்த ஹப்பை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “எல்லா லைட்டும் மின்னுது, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது. எங்க ஸ்டாஃப் மீட்டிங் மாதிரியே இருக்கும்மா.”

பிளாஸ்திரி

இதைச் சொல்லும்போது சிரிக்க முடியவில்லை. காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சை அறையில் நாலு படுக்கை. டாக்டர் கீழே தன் அறையில் இருந்தபடி நோயாளிகளைப் பார்க்கக் கேமரா. இந்த ஒரு வேலையைத்தான் நான் திருப்தியாகச் செய்தேன். இரண்டு வயரும் கட்டடத்தின் இரண்டு பக்கமாக இறங்கின. ஒரு வயர் செத்தால் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். மின்னினால் உடனே எனக்குப் போன் செய்யுங்கள் என்று நர்ஸுகளிடம் சொல்லி, நம்பரையும் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் டாக்டரே கூப்பிட்டார். அறுவை சிகிச்சை முடிந்த பெரியவர் ஒருவர் கட்டிலிலிருந்து எழப் பார்த்துக் கீழே விழுந்துவிட்டார். நெற்றியில் மூன்று தையல். விழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியவில்லை. நர்ஸ் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். டாக்டருடைய திரையில் பெரியவர் அசையாமல் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே இருந்தார். படம் உறைந்து போயிருந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். ஒரு வயரை எலி கடித்து ஆறு வாரம் ஆகியிருந்தது. கணக்கு பெட்டியிலேயே பதிவாகியிருந்தது. ஆறு வாரமும் மற்ற வயர் ஒற்றையாக வேலை பார்த்திருக்கிறது. அன்றைக்கு எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதையும் இழுத்துவிட்டார். சிவப்பு விளக்கு? அதன் மேல் வெள்ளை பிளாஸ்திரி, சதுரமாக வெட்டி, சுத்தமாக ஒட்டியிருந்தது. உரித்தேன். அடியில் பாவம் மின்னிக்கொண்டேதான் இருந்தது. பெரியவரின் மகள் வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்தார். நர்ஸும் அழுதார். அழுதுகொண்டே சொன்னார்: “லைட்டு மின்னுறதைப் பாத்து நோயாளிக பயந்தாங்கக்கா. படம் நல்லாத்தான வந்துக்கிட்டு இருந்துச்சு, லைட்டுதான் பொய் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

ஜவுளிக்கடை

இனி வருவது என் தப்பு. பங்கு போட வேறு யாரும் இல்லை.

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை, மூன்று மாடி. தீபாவளிக்கு முன்னால் கேமரா ஓட வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். பட்டுப் பிரிவு இரண்டாவது மாடி. அங்கிருந்து கீழே அவர் அறைக்கு இரண்டு வயர், இரண்டு பைப்பில், இரண்டு பக்கமாக இறங்க வேண்டும். மேற்குச் சுவரில் புதிதாகப் பளிங்கு பதித்திருந்தார். “அந்தச் சுவத்துல ஓட்டை போடக்கூடாது. ரெண்டையும் கெழக்குப் பக்கத்துப் பைப்புலயே விடுங்க, எடமிருக்குல்ல?” என்றார். செல்லையா அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, “வேண்டாம் தாயி. ஒரே பைப்புல விட்டா ரெண்டும் ஒண்ணாத்தான் போகும்” என்றார். எனக்கும் தெரியும். ஆனால் மதுரையிலிருந்து தினமும் போன், முடிந்ததா முடிந்ததா என்று. “தீபாவளி கழிச்சு மாத்திருவோம்ணே” என்றேன். ஒவ்வொரு வயராக உருவிக் காட்டினேன். அருமையாக வேலை செய்தது. கையெழுத்துப் போட்டேன்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது முதலாளி கூப்பிட்டார். ஒரு பட்டுப் புடவையைக் காணோம். மத்தியானம் அதை எடுத்துக் காட்டியவள் முத்துலெட்சுமி, சந்தேகம் அவள் மேல்தான். கல்லல் பக்கத்து ஊர், இருபது வயது இருக்கும். நான் வேலை செய்த நாட்களில் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, இது என்ன, அது என்ன” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அவளுடைய கவுன்டருக்கு நேர் மேலேதான் கேமரா.

பதிவைத் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு மணி வரைக்கும் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கிழக்குச் சுவரில் அன்றைக்குத்தான் புதுக் கண்ணாடி அலமாரி மாட்டியிருந்தார்கள். அதன் ஆணி ஒன்று பைப்பைத் துளைத்து, இரண்டு வயருக்கும் நடுவில் நேராக இறங்கியிருந்தது. முத்துலெட்சுமி சாப்பாட்டுப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் இருக்கும், அக்கா எடுத்துக் காட்டிவிடுவாள் என்று நம்பி நின்றிருந்தாள். “சார், இது என் தப்பு. ரெண்டு வயரையும் ஒரே பைப்புல விட்டது நான்” என்றேன். அவர், “அது உங்க தப்பு, அதை மதுரையில பேசிக்கிறேன். இவ கதை வேற” என்றார். அன்றைக்கே அவளை அனுப்பிவிட்டார்கள். அவள் படி இறங்கிப் போனபோது மற்ற பெண்கள் தலை நிமிராமல் புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்துப் புடவை வந்தது. கல்யாணத்துக்கு எடுத்துக்கொண்டு போன ஆச்சி ஒருவர், ஒரு பெட்டியில் இரண்டு புடவை இருக்கிறதே என்று கார் வைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். கூட்டத்தில் பில் போடுகிற இடத்தில் மாறியிருக்கிறது. கேள்விப்பட்டதும் நான் முதலாளியிடம் ஓடினேன். “அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுருங்க சார்” என்றேன். அவர் கெட்டவர் இல்லை. மேசையில் இருந்த பில் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, “இப்பக் கூப்பிட்டா நாங்க தப்புப் பண்ணுனது ஊருக்குத் தெரிஞ்சு போகுமேம்மா. விடுங்க, அவளுக்கு வேற எடம் கெடைக்காமலா போகும்?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் கல்லல் பஸ் பிடித்தேன். ஒரு குடோனில் பத்துப் பதினைந்து பெண்களோடு உட்கார்ந்து மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே நுழைந்ததுமே எனக்கு இருமல் வந்தது. வெளியே கூட்டிப்போய்ப் புடவை கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். பைப்பு, ஆணி, பளிங்குச் சுவர், என் அவசரம், எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். வேறு ஜவுளிக்கடையில் சொல்லிப் பார்க்கட்டுமா என்றேன். “வேண்டாங்க்கா, அங்கயும் விசாரிப்பாக” என்றாள். கை காந்தும் என்பதால் கண்ணைத் துடைக்காமல் தோளில் தேய்த்துக்கொண்டாள். வற்றல் நெடியா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தபோதுதான் அதைச் சொன்னாள்: “மத்த பிள்ளைக எல்லாம் கேமராவுக்குப் பயந்துக்கிட்டே வேலை பாத்துச்சுக. நான் மட்டுந்தான்க்கா, நம்ம தலைக்கு மேல அது இருக்கேன்னு தைரியமா இருந்தேன்.”

எது அறுந்தாலும் ஒரு நொடியில் மாற்று வந்து நிற்கும்படி செய்து கொடுப்பதே என் வேலையாக இருந்தது. அந்த மாதக் கடைசியில் நான் அந்த வேலையை விட்டபோது எனக்கு மாற்று வருவதற்கு மட்டும் மூன்று நாள் ஆனதாம்.