பால்குடத்துக்கு இன்னும் இரண்டு வருடம்

"பிப்ரவரி 27. ஸ்கேன் சுத்தம். எங்கும் கட்டி இல்லை. வீட்டில் பாயசம்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். நம் கோயில் ஆண்டு மலருக்குத் திருவிழா விவரங்களைத் தேதி பிசகாமல் எழுதித் தருபவன் நான். இந்த முறை சொந்த அனுபவத்தை எழுதச் சொன்னார்கள். இனிப்பாக எழுத வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய நவம்பரில் கழுத்தில் ஒரு வீக்கம். நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆறு கீமோ எடுக்கவேண்டும். அன்று மாலையே ஸ்கூடாயில் உள்ள எங்கள் வீட்டுப் பூஜை அறையில் அண்ணனும் நானும் முருகனிடம் நேர்ந்துகொண்டோம். நோய் போகவேண்டும், மூன்று தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. முதல் வருடக் குடத்தை எடுத்தேன். மற்றவர்கள் முடி காணிக்கை கொடுத்தார்கள். என் முடியை மருந்து முன்பே எடுத்துக்கொண்டிருந்தது.

நான்கு கீமோ முடிந்து எடுத்ததுதான் அந்தப் பிப்ரவரி ஸ்கேன். இன்னும் இரண்டு பாக்கி.

"சுத்தம்னா மெஷினுக்குத் தெரியல, அவ்வளவுதான் அங்கிள். மிச்ச ரெண்டையும் முடிச்சிடுங்க" என்றார் டாக்டர்.

அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "முருகனே தொடச்சி விட்டுட்டான். இன்னும் அந்த விஷத்த ஏத்திக்கிட்டா அவன நம்பலன்னுதானடா அர்த்தம்?"

உண்மையைச் சொல்கிறேன். எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. வாயெல்லாம் புண். கஞ்சி கூட எரிந்தது. விரல் மரத்துப்போய்ப் பேனா நழுவியது. அண்ணன் சொன்னது பக்தியாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் பூஜை முடிந்ததும் அண்ணன் என்னைக் கேட்காமலே மைக்கைப் பிடித்தார். "முருகன் அருளால என் தம்பிக்குப் பூரண குணம்!" ஜனங்கள் கைதட்டினார்கள். அன்னதான வரிசையில் ஓர் அம்மா என்னிடம் வந்தார். பெக்கான் நானாஸிலிருந்து வருபவர், பெயர் கமலா. கீமோ வார்டில் என் எதிர் நாற்காலி. அவருக்கும் அந்த வாரம்தான் ஸ்கேன் சுத்தமாக வந்திருந்தது, கீமோ இன்னும் பாக்கி.

"அப்போ நீங்க நிறுத்திட்டீங்களாண்ணே?"

"இன்னும் முடிவு பண்ணலம்மா."

"அதான் மைக்குல சொல்லிட்டாங்களே" என்று சிரித்தார். அதற்குள் யாரோ என் கையைப் பிடித்து வாழ்த்து சொன்னார்கள். திரும்பிப் பார்த்தபோது அவர் இல்லை.

சந்நிதியில் நின்று அழுதேன். முருகா, நிறுத்தவா, தொடரவா? யார் வாயிலாவது வந்து சொல்லு. வேறு எதுவும் கேட்கவில்லை.

பதில் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் வந்தது. அண்ணன் அடுத்த தைப்பூசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புதுக்குடம் வாங்கவேண்டும், விரதம் தவறக்கூடாது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா நிமிராமலே கேட்டாள்.

"கேட்டது கெடச்சிருச்சே மாமா. இன்னும் ரெண்டு வருசம் எதுக்கு?"

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன பேச்சு பேசுற? மூணுன்னு நேந்தா மூணுதான். பலன் கெடச்சிருச்சுன்னு பாதியில விட்டா சாமி குத்தம்லா!"

"அப்போ ஆறுன்னு டாக்டர் சொன்னா மட்டும் நாலு போதுமா மாமா?"

அண்ணன் கை கழுவிவிட்டு எழுந்து போனார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சரோஜா அப்படி எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. கேட்டது அவள் வாய்தான். கேட்க வைத்தவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

மார்ச் 6, ஐந்தாவது கீமோ. அன்று வார்டில் எதிர் நாற்காலி காலி. கமலாவின் எண்ணைத் தாதியிடம் கேட்டேன், கொடுக்க விதியில் இடமில்லை என்றார். மூன்று வாரம் கழித்து ஆறாவது. அதன் பிறகு காய்ச்சல் கண்டு வார்டில் படுத்தேன். மைக்கைப் பிடித்த அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சந்தேகப்பட்டான், அனுபவிக்கிறான்" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். இன்றுவரை எங்களுக்குள் பேச்சில்லை. இரண்டாம் வருடக் குடத்தை அவர் துணை இல்லாமல் எடுத்தேன்.

இப்போதும் ஸ்கேன் சுத்தம். அந்த இரண்டும் இல்லாமலே பிழைத்திருப்பேனா என்று டாக்டரிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். முருகனுக்கு நன்றி. வேண்டியதைக் கொடுத்ததற்கு மட்டும் அல்ல, என் சோம்பலுக்கு அவன் பெயரைச் சூட்டவிடாமல் தடுத்ததற்கும். அவனை நம்புங்கள். நேர்த்திக்கடனைப் போலவே மருந்தையும் முழுசாக முடியுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி மைக்கில் பேச யாரையும் விடாதீர்கள்.

கமலா அம்மாவைப் பற்றிப் பெக்கான் நானாஸ் சந்தையில் விசாரித்தேன். போன ஐப்பசியில் தவறிவிட்டார் என்றார் ஒருவர். பண்டார் தெங்காராவில் மகள் வீட்டில் இருக்கிறார் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று இதை எழுதும் நாள்வரை தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் மருந்தை நிறுத்தினாரா என்பதும் தெரியவில்லை.