காலியாகாத தண்ணீர் பாட்டில்

ஊரிலுள்ள சாக்கடை அத்தனையும் அந்தக் குழாய்க்காரருக்குச் சம்பந்தி முறை. அடைத்த குழாய்க்குள் தோள்வரை கைவிட்டுச் செத்த எலியை வாலைப் பிடித்து இழுத்துப் போடுவார். ஒரே ஒரு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அதே கையால் சாப்பிட உட்காருவார். எருமை அளவு பெருச்சாளியைக்கூட எடுத்திருக்கிறாராம். அவர் முகம் சுளித்து எவரும் பார்த்ததில்லை.

மகள் நான்காம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். வந்ததும் பையைக்கூட இறக்காமல் குளியலறைக்கு ஓட்டம். மூன்று மாதத்தில் இரண்டு தடவை நீர்க்கடுப்பும் காய்ச்சலும். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்றார் டாக்டர்.

"ஏண்டி குடிக்க மாட்டேங்கிற?" என்றாள் அம்மா.

"குடிச்சா அங்க போகணுமேம்மா."

மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பள்ளிக்குப் போய் அந்த 'அங்க'வைப் பார்த்தார்கள். கதவில் தாழில்லை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தரையெல்லாம் புழு, அதுவும் நன்றாகக் கொழுத்த புழு. குழாய்க்காரர் சுவரோரம் ஓடிப்போய், காலையில் தின்றதையெல்லாம் கக்கினார்.

தலைமையாசிரியை டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பிள்ளைங்கதான் அசிங்கம் பண்ணுதுங்க. உங்க பொண்ண அடக்கிக்கப் பழக்குங்க. ஆமா, நீங்க குழாய் வேலைதானே? வந்தது வந்தீங்க, நாங்க போற விருந்தாளி பாத்ரூம்ல ஃப்ளஷ் ஒழுகுது, பார்த்துட்டுப் போங்களேன்."

அந்தப் பேச்சில் அடித்த நாற்றம் புழுவிடம்கூட இல்லை. குழாய்க்காரர் அந்த பாத்ரூம் சாவியை வாங்கினார். தண்ணீரை அடைத்தார். வாஷரைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"மாத்தணும் டீச்சர். நேரமாகும்."

அதற்குள் அந்த அம்மாள் மூன்றாவது டீயையும் முடித்திருந்தார். பன்னிரண்டு மணிக்கு அறைக்குள் நடை போட்டார். பன்னிரண்டரைக்கு, வேறு வழியில்லாமல், மூக்கில் கைக்குட்டையோடு பிள்ளைகள் பக்கம் போனார். போன வேகத்துக்கு இரண்டு மடங்கு வேகத்தில் வெளியே வந்தார்.

வராந்தா பெஞ்சிலிருந்து மெதுவாகக் கேட்டாள் குழாய்க்காரர் மனைவி: "என்ன டீச்சர், நீங்க அடக்கிக்கப் பழகலையா?"

மதியமே தண்ணீர் லாரி வந்தது. கூடவே பீய்ச்சிக் கழுவும் இயந்திரமும். பிள்ளைகள் பக்கம் புதுக் குழாயும் தாழும் மாட்டிய பிறகுதான் விருந்தாளி வாஷர் பையைவிட்டு வெளியே வந்தது.

மூன்றாம் நாள் பாட்டில் காலியாக வந்தது. கூடவே பள்ளியின் சுற்றறிக்கை ஒன்று: 'எங்கள் தூய்மைப் பணி'. படத்தில் மடிப்புக் கலையாத புடவையில், துடைப்பமும் சிரிப்புமாகத் தலைமையாசிரியை.

குழாய்க்காரர் அதை இரண்டு விரலால் பிடித்துக் குப்பையில் போட்டார். சாப்பிட உட்காருமுன், மூன்று தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.