ஒரே மாதிரி மூன்று டிஸ்க்குகள்

அந்த ஸ்கேன் மையத்தில் எல்லோருக்கும் அவள் 'சர்வர் அக்கா'. பதினொரு வருஷத்துக்கு முன் டோக்கன் கிழித்துக் கொடுக்க வந்தவள். கம்ப்யூட்டர் மக்கர் செய்யும்போதெல்லாம் மற்றவர்கள் டீ குடிக்கப் போக, இவள் மட்டும் அதோடு மல்லுக்கட்டுவாள். அப்படியே மையத்தின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவள் தலையில் விழுந்தன.

அன்று காலை பத்து மணிக்கு சர்வர் படுத்துவிட்டது. ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்த டிஸ்க் போய்விட்டது. எட்டு வருஷத்து ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்க் தனி, அது பிழைத்திருந்தது. ஆனால் அதற்கு வேறு பிரதி கிடையாது. படங்களைத் திறக்கும் மென்பொருளும் சர்வரில்தான் ஓடும்.

பக்கத்து ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு மணிக்கு மூளை ஆபரேஷன். போன வருஷப் படத்தைப் பாக்காம கத்தி வைக்க மாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார்."

மேனேஜர் புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கி வந்தார். படங்கள் இருந்த பழையதும் அதே கம்பெனி, அதே அளவு.

"இந்தத் தடவை ரெய்டு போடப்போறேன் சார்."

"ரெய்டா?" மேனேஜர் வெலவெலத்துப் போனார். "இங்கயா? யாரும்மா போட்டுக் கொடுத்தது?"

"ஐயோ, அந்த ரெய்டு இல்ல சார். சிஸ்டத்தை ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதுறது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓடும்."

படங்கள் இருந்த டிஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். புதியவை இரண்டையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவர் எடுக்கப் போனாள். திரும்பி வந்து இரண்டை மாட்டினாள். இன்ஸ்டால் தொடங்கியது. 'தானாகச் செய்' என்றது திரை.

"அதையே அமுக்கும்மா, மணி பன்னிரண்டரை!"

"அதுல ரெய்டு வராது சார். நானே பிரிச்சுக் கொடுக்கணும்."

திரையில் இரண்டு டிஸ்க்குகள் வரிசையாக வந்தன. முதலாவது காலி. இரண்டாவதில் ஏற்கெனவே ஒரு பெரிய பகுதி இருந்தது.

கடையிலிருந்து இப்போதுதான் வந்த டிஸ்க்கில் அது எப்படி?

மேஜையைப் பார்த்தாள். அங்கே கிடந்த டிஸ்க் பளபளவென்றிருந்தது. எல்லாமே பளபளவென்றுதான் இருந்தன.

"சார், இதைத் தொட்டீங்களா?"

"ஒண்ணு தூசியா இருந்துச்சு, துடைச்சு வரிசையா வெச்சேன்..."

மின்சாரத்தை அணைத்தாள். அந்த இரண்டாவது டிஸ்க்கை வெளியே எடுத்து, அடியில் இருந்த எண்ணைப் பழைய பதிவேட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். அதேதான். எட்டு வருஷத்துப் படங்களை அழிக்க இன்னும் இரண்டு தட்டல்தான் பாக்கி இருந்திருக்கிறது. மேனேஜர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பழையதை அலமாரியில் பூட்டினாள். புதியவை இரண்டிலும் ஒரே அளவில் சிறு பகுதி பிரித்து, ஜோடி சேர்த்து, அதன்மேல் சிஸ்டத்தை ஏற்றினாள். ஒன்று பத்துக்கு சர்வர் எழுந்தது. அவளோ அதை அணைத்து, முதல் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினாள்.

"ஓடுறதை எதுக்கும்மா நோண்டுற?" மேனேஜருக்கு அழுகையே வந்துவிட்டது.

"உண்மையிலேயே தாங்குதான்னு பாக்கணும் சார்."

தாங்கவில்லை. திரை கறுப்பாகவே நின்றது. சிஸ்டத்தை எழுப்பும் சின்னப் பகுதி முதல் டிஸ்க்கில் மட்டும் ஏறியிருந்தது. பக்கத்தில் காத்திருந்த நர்ஸின் போன் அடித்தது. வயரை மாட்டி, இரண்டாவதிலும் அந்தப் பகுதியை ஏற்றி, மறுபடி பிடுங்கினாள். இந்த முறை எழுந்தது. வயரைத் திரும்ப மாட்டி, அலமாரியில் இருந்த படங்களின் டிஸ்க்கையும் சேர்த்து, படம் திறக்கும் மென்பொருளை ஏற்றினாள்.

ஒன்று ஐம்பதுக்குப் படம் ஆஸ்பத்திரித் திரையில் திறந்தது. "ம், இதுதான்," என்று டாக்டர் போனை வைத்தார்.

ஐந்து மணிக்கு நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப்பார்த்தாள்.

"ஆபரேஷன் ஆனவர் கண்ணு முழிச்சுட்டார் அக்கா. சம்சாரத்தைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம்."

மேனேஜர் அதற்குள் படங்களுக்குப் பிரதி எடுக்க இன்னொரு டிஸ்க் வாங்கி வந்திருந்தார். கேட்காமலேயே.